வழக்கு யாருடையது? குற்றத்தால் பாதிக்கப்பட்டோர் குறித்து எங்கள் நிலைப்பாடு

புகார் கொடுக்கும் நாளில் பாதிக்கப்பட்டவரை விட்டால் வழக்கே இல்லை. முதல் தகவல் அறிக்கைக்கு எண் விழுந்ததும் வழக்கு அரசுடையதாகிவிடுகிறது. அவர் அரசுத் தரப்புச் சாட்சிகளில் ஒருவராகிவிடுகிறார். சம்மன் வந்தால் போக வேண்டும், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும், வாய்தா என்றால் பஸ் பிடித்துத் திரும்ப வேண்டும். தன்னை வெட்டியவன் ஜாமீனில் வந்துவிட்டான் என்பது, அவன் தெருமுனையில் எதிரே வரும்போதுதான் பலருக்குத் தெரிகிறது.

குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்குச் சட்ட உதவியும் மனநலத் துணையும் அளித்துவரும் எங்கள் அமைப்பு இதை ஏற்கவில்லை. விசாரணை தொடங்கும் நாளிலிருந்து மேல்முறையீடு முடியும்வரை தகவல் பெறவும், தன் தரப்பைச் சொல்லவும், இழப்பீடு பெறவும் பாதிக்கப்பட்டவருக்கு உரிமை உண்டு. அலைந்து திரிந்து கேட்டு வாங்கும் சலுகையாக அது இருக்கக் கூடாது. அரசு தானாகவே வந்து செய்ய வேண்டிய கடமை அது.

பாதிக்கப்பட்டோர் பற்றிய ஆய்வுத் துறையே ஒரு காலத்தில் அவர்களைச் சந்தேகத்தோடுதான் பார்த்தது. 1948-இல் வெளிவந்த தன் நூலில் ஹான்ஸ் வான் ஹென்டிக், குற்றம் நடப்பதில் பாதிக்கப்பட்டவரின் பங்கு என்ன என்று ஆராய்ந்தார். பெஞ்சமின் மெண்டல்சோன் அந்தப் பங்கின் அளவை வைத்து அவர்களை வகை பிரித்தார். 1971-இல் மெனாகெம் அமீர் இதே கண்ணோட்டத்தைப் பாலியல் வன்கொடுமைக்கும் கொண்டுபோனபோது பெண்கள் இயக்கங்கள் கடுமையாக எதிர்த்தன. அந்த எதிர்ப்பு துறையின் போக்கை மாற்ற உதவியது. 1985-இல் ஐ.நா. பொதுச்சபை பாதிக்கப்பட்டோருக்கான நீதிக் கோட்பாடுகளை அறிவித்தது. ஆராய்ச்சி திருந்திவிட்டது, நம் ஊர் இன்னும் திருந்தவில்லை. “அந்நேரத்துல அங்க உனக்கென்ன வேலை?”, “இவ்வளவு நகையைப் போட்டுக்கிட்டுத் தனியா ஏன் போனே?”, “ஓ.டி.பி.யை ஏன் சார் சொன்னீங்க?” என்ற கேள்விகளை உறவினரும் கேட்கிறார்கள், காவல் நிலையத்திலும் கேட்கிறார்கள். கேட்பவர்களில் பலருக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் அந்தக் கேள்விக்குப் பயந்தே புகார் கொடுக்காமல் இருந்துவிடுபவர்களையும் எங்களுக்குத் தெரியும்.

ஏட்டில் பெரிய குறை இல்லை. விடுதலைத் தீர்ப்பை எதிர்த்துப் பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யும் உரிமை 2009 டிசம்பர் 31 முதல் இருக்கிறது. விவசாயிகள் மீது வாகனம் ஏற்றிக் கொன்றதாகத் தொடரப்பட்ட லக்கிம்பூர் கேரி வழக்கில், எல்லாக் கட்டத்திலும் பாதிக்கப்பட்டோர் தரப்பைக் கேட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொன்னது. விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாட்களுக்குள் காவல்துறை தெரிவிக்க வேண்டும் என்கிறது 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா. பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு, ஜாமீன் விசாரணை உட்பட எல்லா நீதிமன்ற நடவடிக்கைகளையும் முன்கூட்டியே சொல்லச் சொல்கிறது. எங்களிடம் வருபவர்களில் பலரின் கையில் இருப்பதோ மடித்து மடித்துக் கிழிந்துபோன, புகார் பெற்றதற்கான ஒரு சி.எஸ்.ஆர். ரசீது மட்டும்.

இழப்பீட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறான நம்பிக்கை அதில்தான் அதிகம். குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்தால்தான் பணம் வரும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. குற்றவாளி யாரென்றே தெரியாமல் வழக்கு நின்றுபோனாலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் மனுச் செய்யலாம். இரண்டு மாதத்துக்குள் விசாரித்து முடிவு செய்ய வேண்டும் என்று அதே சன்ஹிதாவின் 396-ஆம் பிரிவு சொல்கிறது. இடைக்கால நிவாரணமும் உண்டு. தமிழ்நாட்டில் இதற்கான திட்டம் 2013-இலேயே வந்துவிட்டது. இதைப் பாதிக்கப்பட்டவரிடம் முதலில் சொல்ல வேண்டியவர் காவல் நிலைய அதிகாரி என்பது எங்கள் உறுதியான கருத்து.

பறிபோன தாலிச் சங்கிலியையும் எடுத்துக்கொள்ளுங்கள். மீட்ட நகைகளை மேசைமேல் பரப்பிப் பின்னால் அதிகாரிகள் நிற்கும் படம் மறுநாள் செய்தித்தாளில் வந்துவிடும். உரியவரோ வக்கீல் வைத்து, மனுப் போட்டு, நகை வாங்கிய ரசீதைத் தேடி, ஜாமீன்தாரரைக் கூட்டிவந்து, விற்கவோ உருக்கவோ மாட்டேன் என்று எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. அதுவரை கழுத்தில் மஞ்சள் கயிறுதான். வழக்குச் சொத்தைப் படமெடுத்துப் பதிவு செய்தபின் 30 நாட்களுக்குள் உத்தரவிட வேண்டும் என்று புதிய சட்டத்தின் 497-ஆம் பிரிவு சொல்வதை நீதிமன்றங்கள் கறாராகப் பின்பற்ற வேண்டுகிறோம்.

பாதிக்கப்பட்டவர் உரிமை என்றதும் குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமையைப் பிடுங்கச் சொல்கிறோம் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அப்படி எதையும் நாங்கள் கேட்கவில்லை. பாதிக்கப்பட்டவரின் பெயரைச் சொல்லி நடக்கும் என்கவுன்ட்டர்களை எதிர்க்கிறோம். 2019 டிசம்பரில் ஐதராபாத் அருகே, ஒரு பெண்ணைப் பாலியல் வன்கொடுமை செய்து கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட நால்வரைப் போலீசார் சுட்டுக் கொன்றபோது பலர் பட்டாசு வெடித்துக் கொண்டாடினார்கள். கொல்லும் நோக்கத்தோடே சுட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் பிறகு கண்டது. அன்று நடந்தது என்ன என்பதை நீதிமன்றத்தில் கேட்டறியும் வாய்ப்பு அந்தப் பெண்ணின் குடும்பத்துக்கு இனி இல்லை. ஐ.நா. அறிவிப்பு, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துவதால் பாதிக்கப்படுவோரையும் சேர்த்தே பேசுகிறது. 2020-இல் சாத்தான்குளத்தில் போலீசார் பிடித்துச் சென்ற தந்தையையும் மகனையும் இழந்த குடும்பம் எங்கள் கணக்கில் அந்த இடத்தில்தான் நிற்கிறது.

தமிழ்நாடு அரசிடமும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடமும் நாங்கள் கேட்பவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. முதல் தகவல் அறிக்கையின் நகலோடு இழப்பீட்டு மனுப் படிவத்தையும் தமிழில் கையில் கொடுங்கள். ஜாமீன் மனு விசாரணைக்கு வரும் தேதியையும் அதன் முடிவையும் செல்பேசிக்கு அனுப்புங்கள். எதிரியும் சாட்சியும் ஒரே வராந்தாவில் முட்டிக்கொண்டு நிற்காதபடி தனி அறை ஒதுக்குங்கள். ஆண்டுதோறும் எத்தனை பேர் இழப்பீடு கேட்டார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது, எத்தனை நாளில் கிடைத்தது என்பதை மாவட்ட வாரியாக வெளியிடுங்கள்.