இஞ்சம்பாக்கத்தில் நின்ற கடிகாரம்

போன ஞாயிறு அதிகாலை மூன்றே முக்காலுக்குத் திருவான்மியூரிலிருந்து கிளம்பினேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் உத்தண்டியைத் தாண்டிப் போய்த் திரும்பினால் 32 கிலோமீட்டர். ஜனவரி மாரத்தானுக்கு முன் நான் ஓடும் ஆகப் பெரிய பயிற்சி இது. திரும்பும் வழியில், இஞ்சம்பாக்கத்தில், கையிலிருந்த ஜிபிஎஸ் கடிகாரத்தைப் பார்த்தேன். பேட்டரி 27 சதவீதம். வீடு வரைக்கும் தாங்கும் என்று நினைத்து நாலு எட்டு வைப்பதற்குள் திரை கறுத்துவிட்டது. ஓட ஆரம்பித்து மூன்று மணி இருபது நிமிடம்தான் ஆகியிருந்தது. ஏழு வருடம் முன்பு வாங்கியபோது பெட்டியில் போட்டிருந்தது 11 மணி நேரம்.

வீட்டுக்கு வந்து சார்ஜரில் வைத்த உடனே 19 சதவீதம் காட்டிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தது. நான் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுப்பவள். 27-இல் செத்து 19-இல் பிழைக்கும் கணக்கை என் மாணவர்கள் போட்டிருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

ஆனால் லித்தியம் அயான் பேட்டரிக்கு அது சரியான கணக்குதான். வயதானால் அதன் கொள்ளளவு குறைகிறது. உள்ளே மின்தடையும் ஏறுகிறது. சென்னைக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். போர் தண்ணீரின் உப்பு படிந்து குழாய் அடைத்துக்கொண்டால், மாடித் தொட்டியில் தண்ணீர் இருந்தும் குளியலறையில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். நேரம் மட்டும் காட்டும்போது கடிகாரத்துக்கு அந்தச் சொட்டு போதும். ஓட ஆரம்பித்தால் கதை வேறு. இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் மெல்லிய சமிக்ஞையை விடாமல் பிடித்துக் கணக்குப் போட வேண்டும். தோலுக்கடியில் பச்சை விளக்கடித்து நாடித்துடிப்பு பார்க்க வேண்டும். எல்லாக் குழாயையும் ஒன்றாகத் திறந்தது போல. மின்னழுத்தம் சட்டென்று சரிகிறது, கடிகாரம் தன்னையே அணைத்துக்கொள்கிறது. இளைப்பாறிய பிறகு மிச்சமிருப்பது தெரிகிறது.

என் பங்கும் இதில் இருக்கிறது. இந்த பேட்டரிக்கு ஆகாதவை இரண்டு: வெயில், எப்போதும் நூறு சதவீதத்தில் நிறைத்து வைப்பது. மே மாதத்தில் கடிகாரத்தை ஸ்கூட்டர் சீட்டுக்கடியில் பூட்டிவிட்டு வகுப்புக்குப் போயிருக்கிறேன். ராத்திரி முழுக்க சார்ஜரில் போட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறேன். அப்படியும், வாரத்துக்கு இரண்டு முழு சார்ஜ் என்று வைத்தாலே ஏழு வருடத்தில் 728 முறை. அது தன் கடமையைச் செய்துவிட்டது. பேட்டரி மேல் எனக்குக் கோபமில்லை.

கோபம் வந்தது மறுநாள், சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தபோது. “அந்த மாடலுக்கு பேட்டரி மாத்தறது இல்ல மேடம். பழசைக் குடுத்தீங்கன்னா புதுசுல இருபது பர்சென்ட் தள்ளுபடி தர்றோம்.” மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தச் சொல்கிறார்கள், தீப்பெட்டிக்குத் தள்ளுபடியும் தருகிறார்கள். திரையில் ஒரு கீறல் இல்லை. பொத்தான்கள் ஐந்தும் வேலை செய்கின்றன. செயற்கைக்கோளை இன்றைக்கும் அரை நிமிடத்தில் பிடிக்கிறது.

ஓடுகிறவர்களுக்குத் தேய்மானம் புதிதல்ல. ஷூவை எழுநூறு, எண்ணூறு கிலோமீட்டரில் தூக்கிப் போடுகிறோம். அது தேயும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள், தேய்ந்ததும் வேறு ஜோடி கிடைக்கிறது. பேட்டரியும் தேயும் பொருள்தான். அதைப் பசை போட்டு ஒட்டி, மாற்ற முடியாதபடி அடைத்துவைத்தால், பேட்டரியின் ஆயுளே கடிகாரத்தின் ஆயுளாகிவிடுகிறது.

முன்பெல்லாம் இப்படி இல்லை. 2003-இல் வந்த கார்மின் ஃபோர்ரன்னர் 101 மணிக்கட்டில் செங்கல்லைக் கட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். ஆனால் அதில் போடுவது ரிமோட்டில் போடும் சின்ன செல் இரண்டு. தீர்ந்தால் பெட்டிக்கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டு ஓடலாம். அந்தப் பருமனுக்குத் திரும்பிப் போகலாம் என்று நான் சொல்லவில்லை.

“கடிகாரம் இல்லாமல் ஓடேன், மனசுக்கு நல்லது” என்கிறாள் என் தோழி. அவள் மாரத்தானை மூன்றரை மணி நேரத்தில் முடிப்பவள். எனக்கு ஐந்தே முக்கால். கென்ய ஓட்டக்காரர் கெல்வின் கிப்டம் 2023-இல் சிகாகோவில் 2 மணி 35 விநாடியில் முடித்தார். அந்த வேகத்துக்கு என் கிழட்டுக் கடிகாரமே தாராளம். பேட்டரி தேய்ந்தால் முதலில் அடிபடுவது மெதுவாக ஓடுபவர்கள்தான்: வயதானவர்கள், பருமனானவர்கள், நாற்பதுக்கு மேல் ஓட வந்த என்னைப் போன்ற பெண்கள். நாங்கள்தான் கடிகாரத்தை அதிகம் நம்பியும் இருக்கிறோம். அமெரிக்க ஓட்டக்காரர் ஜெஃப் காலோவே பரப்பிய முறைப்படி நான் நான்கு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடக்கிறேன். எப்போது ஓட, எப்போது நடக்க என்று கடிகாரம் மணிக்கட்டில் தரும் அதிர்வு வராவிட்டால் எட்டு நிமிடம் ஓடிவிட்டு மூச்சிரைக்க நிற்பேன். இஞ்சம்பாக்கத்துக்குப் பிறகு அதுதான் நடந்தது.

தண்ணீர் புகாமலிருக்கத்தான் ஒட்டுகிறோம் என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். வியர்வையிலும் மழையிலும் ஊறுகிற சாமான் என்பதால் அதில் பாதி நியாயம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பாதியைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. 2027 பிப்ரவரி 18 முதல் சாதனங்களில் இருக்கும் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்றும்படி வடிவமைக்க வேண்டும் என்கிறது அதன் 2023ஆம் ஆண்டு பேட்டரி விதி. முக்கியமாகத் தண்ணீரில் புழங்குவதற்கென்றே செய்த சாதனங்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் அவற்றிலும் வெளியிலுள்ள பழுதுபார்ப்பவர் மாற்றும்படி இருக்க வேண்டும். அந்த மாடல் கடைசியாகச் சந்தைக்கு வந்த பிறகும் ஐந்து வருடம் மாற்று பேட்டரி நியாயமான விலைக்குக் கிடைக்க வேண்டும்.

நம் நாட்டில் நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் திறந்தது. மொபைல், மின்னணுப் பொருள்களுக்குப் பழுதுபார்ப்புக் குறியீடு தருவது பற்றி ஒரு குழுவும் 2025-இல் அறிக்கை கொடுத்தது. பெட்டி மேலேயே மதிப்பெண் இருந்தால் வாங்கும்போதே தெரிந்துவிடும். அது கைக்கடிகாரத்துக்கும் வர வேண்டும். பேட்டரி மாற்ற எவ்வளவு ஆகும், எத்தனை வருடம் மாற்றித் தருவார்கள் என்ற இரண்டு எண்கள் போதும் எனக்கு. பெட்டியில் ‘11 மணி நேரம்’ என்று அவ்வளவு பெரிய எழுத்தில் அச்சடித்தவர்களுக்கு இதற்கா இடமிருக்காது?

தள்ளுபடி வேண்டாமென்று சொல்லிவிட்டு அடையாற்றில் ஒரு வாட்ச் கடைக்குப் போனேன். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தவர், “இது வாட்ச் இல்லம்மா, போன்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ரிச்சி தெருவில் மாடிப்படிக்குக் கீழே மேஜை போட்டிருந்த ஓர் இளைஞர்தான் ஒத்துக்கொண்டார். சூடு காட்டிப் பின்மூடியைக் கிளப்பினார். உள்ளே, விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளிப் பொட்டலம், லேசாக உப்பியிருந்தது. அளவெடுத்துக்கொண்டு, இதே சைஸில் செல் வரவழைக்க இரண்டு வாரம் ஆகும் என்றார்.

“மறுபடி ஒட்டினா தண்ணி போகாதா தம்பி?”

“கம்பெனி பசை மாதிரி வராது மேடம். மழைல மட்டும் ஓடாதீங்க.”

ஐப்பசி பிறக்கப்போகிறது.