வலி இல்லையே... பிளேட்டை எடுத்துத்தான் ஆகணுமா?

கேள்வி: என் மகனுக்கு 27 வயது. பைக்கிலிருந்து விழுந்ததில், தோள்பட்டைக்கு மேலே காறை எலும்பு மூட்டு விலகிவிட்டது. கொக்கி மாதிரி ஒரு பிளேட் வைத்து ஆபரேஷன் செய்தார்கள். நான்கு மாதம் ஆகிறது. வலி அதிகமில்லை. பிளேட்டை எடுக்க இன்னொரு ஆபரேஷன் வேண்டும் என்கிறார்கள். அடுத்த மாதம் துபாய்க்கு வேலைக்குப் போகிறான். இரண்டு வருடம் கழித்து வந்து எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: அவ்வளவு நாள் தள்ளிப்போடாதீர்கள். எலும்பு முறிவுக்கு வைக்கும் பிளேட்டைப் பலர் ஆயுள் முழுக்க உடம்பிலேயே வைத்திருக்கிறார்கள். 'ஹூக் பிளேட்' அப்படியல்ல. கிழிந்த ஜவ்வுகள் ஆறும்வரை காறை எலும்பைக் கீழே அழுத்திப் பிடிப்பது மட்டுமே அதன் வேலை. அதன் கொக்கி, தோளின் உச்சி எலும்புக்கு அடியில் மாட்டியிருக்கும். கையைத் தூக்கும்போதெல்லாம் அது அங்கே உரசும். நாளாக ஆக அந்த எலும்பு அரிக்கப்படலாம். கொக்கிக்குக் கீழே இருக்கும் தசைநாரும் தேயலாம். அதனால்தான் பெரும்பாலும் மூன்று, நான்கு மாதங்களில் எடுத்துவிடச் சொல்கிறோம். வலி இல்லை என்பதற்காக உரசல் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

எடுத்த பிறகு பலருக்குக் கையைத் தூக்குவது சுலபமாகிறது. சிலருக்குக் காறை எலும்பு லேசாக மேலே எழும்பி, புடைப்பாகத் தெரியலாம். பயப்பட வேண்டாம். கனடாவில் இப்படி மூட்டு விலகிய 83 பேரிடம் நடத்தி, 2015-ல் வெளியிட்ட ஆய்வில், பிளேட் வைத்தவர்களின் எக்ஸ்-ரே நேர்த்தியாக இருந்தது. ஆனால் இரண்டு வருட முடிவில், கையின் செயல்பாட்டில் அவர்களுக்கும் ஆபரேஷன் இல்லாமல் தூளி மட்டும் கட்டியவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எலும்பு இம்மியும் பிசகாமல் இருந்தால்தான் கை வேலை செய்யும் என்பதில்லை. சிலருக்குப் பிற்காலத்தில் அந்த மூட்டில் தேய்மான வலி வரலாம். அதற்கும் சிகிச்சை உண்டு.

உடனே எக்ஸ்-ரே எடுத்து, ஆபரேஷன் செய்த டாக்டரிடம் காட்டுங்கள். பிளேட்டை எடுத்தபின் சில வாரங்களுக்குக் கனமான பொருளைத் தூக்கக் கூடாது. பிசியோதெரபியும் தேவைப்படும். இதைச் சொல்லி, வேலையில் சேரும் தேதியைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டுப்பாருங்கள். அதுவரை கையைத் தோளுக்கு மேலே தூக்கிச் செய்யும் வேலை வேண்டாம். திடீர் வலி, கை தூக்க முடியாமை, தையல் போட்ட இடத்தில் சிவப்பு, சீழ், காய்ச்சல் என்றால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள்.