உயிலுக்கு ஆகும் செலவு

உயில் எழுதுவது சாவுக்கு நாள் குறிப்பது என்றும், வசதி படைத்தோருக்கே உரியது என்றும் பலர் ஒதுங்குகின்றனர். இரண்டும் தவறு என்பதே எம் கருத்து.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாளே போதும். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, எழுதுபவரின் கையொப்பமோ கைரேகையோ வேண்டும். சான்றொப்பமிட இரு சாட்சிகள் வேண்டும். பங்கு பெறாதவர் சாட்சியாதல் நலம். பதிவு கட்டாயமன்று, ஆயினும் பின்னாளில் எழும் ஐயத்தைக் குறைக்கும். நடமாட இயலாதவரின் இல்லத்துக்கே சார்பதிவாளர் வந்து பதியவும் சட்டம் இடமளிக்கிறது. ஆகவே, பெரும்பாலும் செலவு என்பது எழுதுவோர் கூலியும் பதிவுக் கட்டணமுமே.

பணத்தைவிட ஆராய வேண்டியது, உயிலை நிறைவேற்றுபவர் யார் என்பதை. கடனை அடைத்து, எஞ்சியதை உயிலின்படி பிரித்துக் கொடுப்பவர் அவர். மூத்த மகன் என்பதாலேயே அப்பொறுப்பு ஒருவருக்கு உரியதாகிவிடாது. மயிலாடும்பாறை போன்ற ஊர்களில் மானாவாரிக் காடும் கிணற்றுப் பங்குமே பலரின் சொத்து. அவற்றின் எல்லையறிந்த, பிள்ளைகள் அனைவரும் நம்புகிற, வயதில் இளைய உறவினர் அதற்குப் பொருந்துவார். அவரது இசைவை முன்பே பெறுங்கள். பத்திரங்கள் இருக்குமிடத்தையும் சொல்லி வையுங்கள்.

நினைவு மங்கிய நிலையில் மருத்துவமனைப் படுக்கையில் பெறப்படும் கைரேகை, உடன்பிறந்தோரை நீதிமன்றத்தில் நிறுத்தக்கூடும். மனம் தெளிவாக இருக்கும்போதே எழுதுங்கள்; விரும்பினால் பின்னர் மாற்றிக்கொள்ளலாம்.