டி.என்.57 லைசென்ஸ் வியட்நாமில் செல்லுமா? போலீஸ் நிறுத்தும் முன் யோசிக்க வேண்டியவை

திண்டுக்கல் பைபாஸில் போலீஸ் கைகாட்டினால் என்ன செய்யணும்னு நம்ம ஊர் பைக்காரர்களுக்கு அத்துப்படி. ஓரமாக நிறுத்தி, போனில் டிஜிலாக்கரைத் திறந்து காட்டினால் போதும். 2018-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தம் இதை அனுமதிக்கிறது. ஏதாவது குறை இருந்தால், 'தெரிஞ்ச ஆளுக்கு' ஒரு போன் போடுவது பலரின் பழக்கம்.

இதே தைரியத்தில்தான் பலர் தாய்லாந்து, வியட்நாம் போனதும் வாடகை பைக் எடுக்கிறார்கள். சிக்கலும் அங்கேதான் ஆரம்பம்.

பல வெளிநாடுகளில் வண்டி ஓட்ட, நம் லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் (ஐ.டி.பி.) வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகம் இதைத் தருகிறது. கட்டணம் 1,000 ரூபாய். அதிகபட்சம் ஓராண்டு செல்லும். கார் ஓட்ட மட்டும் லைசென்ஸ் உள்ளவருக்கு இது பைக் உரிமையைத் தராது.

ஐ.டி.பி. கையில் இருந்தால் எல்லா நாட்டிலும் ஓட்டலாமா? முடியாது. இந்தியா தருவது 1949 ஜெனீவா ஒப்பந்தத்தின்கீழ் வரும் அனுமதி. தாய்லாந்து அதை ஏற்கிறது. வியட்நாம் சேர்ந்திருப்பதோ 1968 வியன்னா ஒப்பந்தத்தில். அதனால் நம்ம ஐ.டி.பி. அங்கே செல்லாது. வாடகைக் கடைக்காரர் எதையும் கேட்காமல் சாவியைக் கொடுத்துவிடலாம். அதற்காக ஓட்டும் உரிமை வந்துவிடாது.

'பிடிச்சா ஃபைன் கட்டிக்கலாம்' என்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். ஃபைன் சின்ன விஷயம். விபத்தில் கால் முறிந்தால் ஆஸ்பத்திரி பில் பல லட்சம் ஆகலாம். செல்லத்தக்க லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியவரின் கிளெய்மை டிராவல் இன்ஷூரன்ஸ் நிறுவனம் நிராகரிக்கலாம். அந்தப் பணத்தைக் கடன் வாங்கிக் கட்டப்போவது ஊரில் இருக்கும் அப்பா அம்மாதான்.

செக்போஸ்ட்டில் நிறுத்தினால்:

* இன்ஜினை அணைத்து, ஹெல்மெட்டைக் கழற்றி, சிரித்த முகமாகப் பேசுங்கள்.
* லைசென்ஸ், ஐ.டி.பி. இரண்டையும் ஒரிஜினலாகக் காட்டுங்கள். டிஜிலாக்கரை அங்கே நம்பாதீர்கள்.
* அபராதம் என்றால் ரசீது கேளுங்கள். நீங்களாகப் பணத்தை நீட்டினால் அது லஞ்சக் குற்றமாகிவிடும்.
* வாடகைக் கடையில் பாஸ்போர்ட்டை அடமானமாக விடாதீர்கள்.

போலீஸைச் சமாளிப்பது பேச்சுத் திறமை இல்லை. ஃபிளைட் ஏறும் முன்பே முடிக்க வேண்டிய வேலை. அனுமதி செல்லாத நாட்டில் பின்சீட்டில் உட்கார்ந்து ஊர் சுற்றுவதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.