குதிரையில் ஷேர்: கழற்றிக்கொள்வது பாவமா?

ஷேர் என்றதும் பி.காம். மக்களுக்குத் தலால் தெருவும் டிமேட் கணக்கும்தான் ஞாபகத்துக்கு வரும். இங்கிலாந்துக் கிராமத்துப் பக்கம் போய் ஷேர் என்று சொன்னால் குதிரை லாயத்துக்கு வழி காட்டுவார்கள். குதிரை வைத்திருப்பவருக்குத் தினமும் பார்த்துக்கொள்ள நேரமில்லை, செலவும் கையைக் கடிக்கிறது. இன்னொருவருக்குச் சவாரி செய்யக் கொள்ளை ஆசை, ஆனால் குதிரை வாங்க வசதியில்லை. இருவரும் பேசி முடிவு செய்கிறார்கள். இரண்டாமவர் வாரத்தில் இரண்டு மூன்று நாள் சவாரி செய்யலாம். அந்த நாட்களில் லத்தி அள்ளி, லாயம் கூட்டி, தண்ணீரும் தீனியும் வைக்க வேண்டும். மாதம் இத்தனை பவுண்டு என்று கொடுக்கவும் வேண்டும். இதுதான் குதிரை ஷேர்.

நல்ல ஏற்பாடுதான். ஒத்துப்போனால் வருஷக்கணக்கில் ஓடும். ஒத்துப்போகாதபோதுதான் வேடிக்கை. விலக நினைப்பவரைப் பார்த்து உடனே ஒரு பாட்டு ஆரம்பித்துவிடும்: "குதிரை உன்னிடம் பழகிவிட்டதே, இப்போது விட்டுவிட்டுப் போனால் அது ஏங்கிப்போய்விடுமே, பிராணியிடம் அன்பு இருக்கிறவர்கள் செய்கிற காரியமா இது?"

இந்தப் பாட்டு சுத்தப் பம்மாத்து. குதிரை கூட்டமாக வாழும் பிராணி. நேரத்துக்குப் புல், சுத்தமான தண்ணீர், காலாற நடக்க ஒரு திடல், பக்கத்தில் இன்னொரு குதிரை, இவ்வளவுதான் அது கேட்பது. இருபத்தைந்து முப்பது வருஷம் வாழக்கூடிய ஒரு ஜீவன் அதற்குள் எத்தனையோ கை மாறுகிறது. விற்கும்போது வராத ஏக்கம், வாரத்தில் மூன்று நாள் வந்தவர் நின்றுபோனால் மட்டும் வந்துவிடுமாக்கும்!

உண்மையில் ஏங்குவது பர்ஸ். உதாரணத்துக்கு ஒரு குதிரைக்கு மாதம் 400 பவுண்டு செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷேர்காரர் 120 தருகிறார். அவர் போய்விட்டால் செலவு 280 ஆகக் குறையுமா? குறையாது. லாய வாடகை அப்படியே நிற்கும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடக்காரர் வந்தே ஆக வேண்டும் (1975 சட்டப்படி பதிவு பெற்றவர்தான் லாடம் அடிக்கலாம், மலிவாக யாரையும் கூப்பிட முடியாது). தடுப்பூசி, பல் ராவுவது, இன்சூரன்ஸ் எல்லாம் அதே கணக்கு. காஸ்ட் அக்கவுண்டிங்கில் ஃபிக்ஸட் காஸ்ட் என்று படித்தது நாலு காலில் நிற்கிறது, அவ்வளவுதான். உடைமைக்காரரின் கஷ்டம் நிஜமான கஷ்டம். ஆனால் அதைக் காசுக் கஷ்டம் என்று சொல்லிவிட்டால் பேசித் தீர்க்கலாம், இன்னும் இரண்டு வாரம் கூடத் தரலாம். பாசம் என்று பெயர் மாற்றி அடுத்தவர் தலையில் கட்டினால் எப்படிப் பேசுவது?

ஷேர் என்ற பெயரே ஒரு ஏமாற்று. கம்பெனி ஷேர் வாங்கினால் துளியூண்டாவது உடைமை உண்டு, பிடிக்காவிட்டால் சந்தையில் விற்றுவிட்டுப் போகலாம். குதிரை ஷேரில் பத்து வருஷம் பணம் கட்டினாலும் ஒரு குளம்புகூடச் சொந்தமாகாது. டிவிடெண்ட் உண்டு, லத்தியாக :-) சிலர் குதிரையின் பாஸ்போர்ட் கையில் இருந்தால் உரிமை வந்துவிட்டதாக நினைக்கிறார்கள். (ஆமாம், அங்கே குதிரைக்குப் பாஸ்போர்ட் கட்டாயம். இங்கிலாந்தில் 2020 அக்டோபர் முதல் மைக்ரோசிப்பும் கட்டாயம்.) அந்தப் பாஸ்போர்ட் அடையாளத்துக்குத்தான், உடைமைக்குச் சாட்சி இல்லை.

பார்ட்னர்ஷிப் சட்டம் கைகொடுக்குமே என்று வகுப்பில் முதல் பெஞ்சில் இருப்பவர்கள் கேட்கக்கூடும். கேள்வி நல்ல கேள்விதான். காலவரை இல்லாத கூட்டு நிறுவனத்தை ஒரு பங்காளி எழுத்தில் நோட்டீஸ் கொடுத்துக் கலைக்கலாம் என்கிறது இந்தியாவின் 1932-ஆம் வருஷச் சட்டம், பிரிவு 43. பிரிட்டனின் 1890-ஆம் வருஷச் சட்டத்திலும் நோட்டீஸ் கொடுத்து முடித்துக்கொள்ள வழி இருக்கிறது. ஆனால் பார்ட்னர்ஷிப் என்றால் லாப நோக்கில் நடத்தும் தொழில் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆசைக்குக் குதிரை ஏறுவது தொழிலாகாது. ஆக, ரெடிமேட் வாசல் எதுவும் இல்லை. வெளியே போகும் வழியைத் தாங்களே முதல் நாள் எழுதி வைத்தால்தான் உண்டு. பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டியும் எழுத்தில் ஒப்பந்தம் போடத்தான் சொல்கிறது. 'நமக்குள் எதற்குக் காகிதம்' என்று சிரித்துக்கொண்டே ஆரம்பிக்கிறவர்கள் மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குகிறவர்கள்.

இதெல்லாம் காசு சமாச்சாரம், போனால் போகட்டும். எலும்பு அப்படியில்லை.

ஷேர் ஒத்துப்போகாததற்குக் காரணம் பல சமயம் பயம். ஆரம்பத்தில் சாதுவாக இருந்த குதிரை வசந்தத்தில் புதுப்புல் மேய்ந்து கொழுப்பேறி நிற்கிறது. நாலு நாள் வெளியே போகாமல் அடைந்து கிடந்துவிட்டு ஐந்தாம் நாள் முதுகில் ஒருவர் ஏறியதும் துள்ளுகிறது. அல்லது சேணம் சரியாகப் பொருந்தாமல் முதுகு வலிக்கிறது. வலி என்று வாய் திறந்து சொல்லத் தெரியாத பிராணி, துள்ளித்தான் சொல்லும். ஏறுகிறவருக்கு லாயத்துக்குக் கிளம்பும்போதே வயிற்றைக் கலக்குகிறது. உடைமைக்காரரிடம் சொன்னால் "என்னிடம் ஒன்றும் செய்வதில்லையே, நீ பயப்படுவதுதான் அதற்குத் தெரிந்துவிடுகிறது" என்று பதில் வருகிறது. குதிரை தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பது இதுதான். முதலில் கால்நடை மருத்துவரும் சேணம் பார்ப்பவரும் வர வேண்டிய இடத்தில், பதினைந்து வயதுப் பெண்ணின் தைரியத்தை விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். அவளும் குதிரை மேல் அன்பில்லை என்று பேர் வாங்கக் கூடாதே என்று அடுத்த சனிக்கிழமையும் ஏறுகிறாள்.

ஏறக் கூடாது. ஒப்பந்தத்தில் நாலு வார நோட்டீஸ் என்று இருந்தால், அது கட்ட வேண்டிய பணத்துக்கும் கூட்ட வேண்டிய லாயத்துக்கும்தான். முதுகில் ஏறுவதற்கு நோட்டீஸ் காலம் கிடையாது. பயம் வந்த அன்றே இறங்கிவிட்டு, மீதி நாட்களுக்குத் தீனி வைத்துவிட்டுப் போவதில் ஒரு வெட்கமும் இல்லை.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. இங்கிலாந்து, வேல்ஸில் 1971-ஆம் வருஷ விலங்குகள் சட்டம், பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளையின் வசம் ஒரு பிராணி இருந்தால் வீட்டுத் தலைவரையும் அதன் பொறுப்பாளராகக் கருதுகிறது. 'எல்லாம் குழந்தை பார்த்துக்கொள்ளும்' என்று காரிலேயே உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கும் அப்பாக்கள் இதை யோசிக்கலாம்.

அதற்காக ஷேர்காரர்கள் எல்லாம் அப்பாவிகள் என்று அர்த்தமில்லை. மே மாதம் வெயிலில் வந்து போட்டோ எடுத்துக்கொண்டவர்கள் டிசம்பரில் காணாமல் போகிறார்கள். அப்போது அங்கே நாலு மணிக்கே இருட்டு, முழங்கால் வரை சேறு, தண்ணீர்த் தொட்டியில் பனிக்கட்டி. முதலில் "இன்று ஜலதோஷம்" என்று ஒரு குறுஞ்செய்தி. பிறகு அதுவும் இல்லை. இது விலகுவது அல்ல, ஓடிப்போவது. அவர் முறை நாளில் அவர் வருவார் என்று நம்பி உடைமைக்காரர் வராமல் இருந்தால், தண்ணீர் இல்லாமல் நிற்பது குதிரைதான். 2006-ஆம் வருஷ விலங்கு நலச் சட்டம், தற்காலிகமாகப் பார்த்துக்கொள்பவரையும் பொறுப்பாளர் என்றே சொல்கிறது. போனை அணைத்துவிட்டால் அந்தப் பொறுப்பு அணைந்துவிடாது.

உடைமைக்காரர்களிலும் இதே ஜாதி உண்டு. நைசாகப் புதியவரைப் பிடித்துவிட்டு, பழையவர் வந்து பார்க்கும்போது சேண அறைக்குப் புதுப் பூட்டு தொங்கும்.

முடிப்பதற்குப் பெரிய வித்தை எதுவும் வேண்டியதில்லை. நேரிலோ போனிலோ சொல்லிவிட்டு, அன்றைக்கே தேதி போட்டு எழுத்தில் ஒரு வரி அனுப்ப வேண்டும். கடைசி நாள் எது, கடைசிப் பணம் எவ்வளவு, சாவியை எப்போது தருவது, தொப்பியும் பிரஷ்ஷும் யாருடையது, இவ்வளவு போதும். ஆறு மாதமாகச் சேர்த்து வைத்த குறைகளைப் பட்டியல் போட வேண்டாம். அது நோட்டீஸ் அல்ல, வம்பு. குதிரைக்கு ஆபத்தான விஷயம், ஏறுபவருக்கு ஆபத்தான விஷயம், இந்த இரண்டை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஏனென்றால் அடுத்த ஷேருக்கு விளம்பரம் வரும். வருகிறவர் "முன்னால் இருந்தவர் ஏன் போனார்?" என்று கேட்பார். "அவருக்கு நேரமில்லை" என்று சொல்லிவிட்டு, அதே குதிரையில் அதே சேணத்தோடு இன்னொரு பதினைந்து வயதுப் பெண்ணை ஏற்றிவிட்டால், அதற்குப் பெயர் ஷேர் இல்லை. பழுதை மறைத்து விற்பது.