தலைக்கணக்கு கோப்பை வாங்கித் தராது

1/ "அமெரிக்க காலேஜ் ஃபுட்பால்ல பெரிய யுனிவர்சிட்டிதானே ஜெயிக்கும்? அம்பதாயிரம் பேர் படிச்சா நல்ல ஆட்டக்காரன் கிடைக்காமலா போவான்?" இப்படிக் கேக்கறவங்களுக்காக ஒரு சின்ன த்ரெட்.

2/ அங்கே டீமை வகுப்பறையில் தேடுவதில்லை. நாடு முழுக்கப் பள்ளி மைதானங்களில் தேடி, ஸ்காலர்ஷிப் கொடுத்துக் கூட்டி வருகிறார்கள். முதல்நிலை அணிகளுக்கு 2025 வரை பல வருஷமாக உச்சவரம்பு 85 ஸ்காலர்ஷிப்பாக இருந்தது. பல்கலை சின்னதோ பெரிசோ, அதே 85தான் இருந்தது.

3/ டெக்சாஸ் ஏ அண்ட் எம்: 70,000க்கு மேல் மாணவர்கள். கடைசி தேசியப் பட்டம் 1939. மயாமி: அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத தனியார் பல்கலை. 1983 முதல் 2001 வரை 5 பட்டங்கள்!

4/ "ஒஹாயோ ஸ்டேட், மிச்சிகன் ஜெயிக்கலையா?" ஜெயிக்கறாங்க. ஆனா பெரிய பல்கலைன்னா பழைய மாணவர்கள், நன்கொடை, லட்சம் பேர் உட்காரும் மைதானம், டிவி பணம் எல்லாம் சேர்ந்தே வரும். வேலை செய்வது பணம். பேர் வாங்குவது தலைக்கணக்கு.

5/ டாக்டருக்கு இது பழகின தப்பு. பெரிய ஆஸ்பத்திரியில சாவு அதிகம், அதனால அதுதான் கொல்லுதுன்னு சொல்றாங்களே, அதே கதை. சீரியஸ் கேஸ் அங்கேதானே போகுது?

6/ ஃபுட்பால்ல இந்தக் கணக்கு தப்பினா பந்தயக் காசு போகும். நெஞ்சுவலியோட இதை நம்பி வீட்டுலயே படுத்தா உயிரே போகும்.