குடுவை புறப்பட்ட இடம்

1976இல் யம்புக்குவில் கையுறைகூட இல்லாமல் நோயாளிகளிடம் இரத்தம் எடுத்தவர் கொங்கோவின் ழான்-ழாக் முயெம்பே. ஊசி குத்திய இடத்தில் குருதி உறையாமல் வழிந்தது. காய்ச்சலுற்ற பெல்ஜியக் கன்னியாஸ்திரி ஒருவரைக் கின்ஷாசாவுக்கு அழைத்துவந்ததும் அவரே. இரத்தம் தெர்மாஸ் குடுவையில் ஆன்ட்வெர்ப் போயிற்று; எபோலாவைக் கண்டறிந்த புகழோ குடுவையைத் திறந்தவர்களிடமே நெடுங்காலம் தங்கிவிட்டது.

1995இல் கிக்விட்டில், பிழைத்தவர்களின் இரத்தத்தை எட்டு நோயாளிகளுக்குச் செலுத்தினார், எழுவர் பிழைத்தனர். ஒப்பீட்டுக் குழு இல்லையென்று மேலை அறிஞர்கள் ஐயுற்றனர். அந்த ஐயம் முறையானதுதான். ஆனால் அதே கிக்விட்டில் பிழைத்த ஒருவரின் எதிர்ப்பணுவிலிருந்தே, 2020இல் அமெரிக்க ஒப்புதல் பெற்ற எபாங்கா மருந்து உருவாயிற்று.

மாதிரிகள் இனிக் கொங்கோவிலேயே இருக்கவேண்டும் என்று அவர் பின்னாளில் வற்புறுத்தியதைக் குறுகிய தேசியவாதமாக என்னால் பார்க்க முடியவில்லை.